மாடியில் குடியிருந்தவர்கள் கைது; வீட்டுக்காரருக்கு என்.ஐ.ஏ. சம்மன்: முன்ஜாமீன் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. எங்கள் வீட்டு மாடியை இரண்டு இளைஞர்களுக்கு எட்டு மாதம் வாடகைக்கு விட்டிருந்தோம். வாடகை என் மகனின் (27) ஜிபே கணக்குக்கு வந்தது. போன மாதம் இருவரையும் ‘உபா’ (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டத்தில் என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) கைது செய்தது. இப்போது எனக்கும் மகனுக்கும் சென்னை அலுவலகத்துக்கு வரச்சொல்லி சம்மன் வந்திருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. தெரிந்தவர் ஒருவர், ‘உங்கள் பெயர் கேஸில் வராமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று 2 லட்சம் கேட்கிறார். பழைய தேதியிட்டு ஒப்பந்தமும் தயார்செய்து தருகிறாராம். மகனுக்கு முன்ஜாமீன் எடுக்கலாமா? மகன் அவர்களோடு பேசிய வாட்ஸ்அப் பதிவுகளை அழித்துவிடலாமா?

பதில்: ஐயா, எதையும் அழிக்காதீர்கள். யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பழைய தேதி போட்ட பத்திரத்தைக் கையால்கூடத் தொடாதீர்கள். இந்த மூன்றையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

முதலில் சம்மனை எடுத்து, எந்தச் சட்டப்பிரிவின் கீழ் அனுப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் இருப்பது) பிரிவு 179 என்றிருந்தால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். பிரிவு 94 என்றால் ஏதோ ஆவணம் கேட்கிறார்கள். பிரிவு 35(3) என்றிருந்தால் மட்டும் சந்தேகத்துக்குரியவராகக் கூப்பிடுகிறார்கள் என்று பொருள். அப்படியிருந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் 179-ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ‘யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், வாடகை எப்படி வந்தது’ என்று கேட்காமல் எந்த விசாரணை அதிகாரியும் வழக்கை முடிக்க மாட்டார்.

இப்போது அந்தத் ‘தெரிந்தவர்’ விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆட்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். நீதிமன்ற வாசல் டீக்கடையில் நிற்பார்கள். கையில் இரண்டு போன், சட்டைப்பையில் ஏதோ ஒரு விசிட்டிங் கார்டு. அவர்களுடைய தொழில் ரகசியம் ரொம்ப எளிமையானது. சாட்சியாகக் கூப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் விசாரணை முடிந்து வீட்டுக்குத்தான் போகிறார்கள். அப்படி உங்கள் மகன் வீடு திரும்பினால் ‘நான்தான் பேசி முடித்தேன்’ என்பார். திரும்பாவிட்டால் ‘மேலிடத்து உத்தரவு, என்ன செய்வது’ என்பார். மழையே பெய்யாத நாளில் குடை பிடித்ததற்குக் கூலி கேட்கிற கதை. என்.ஐ.ஏ. வழக்கில் எஃப்.ஐ.ஆர். சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதிலிருந்து ஒரு பெயரை உருவ டீக்கடையில் நிற்கிறவரால் முடியாது. இதைவிட மோசம், சம்மன் வந்த வாரத்தில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து 2 லட்சம் ரொக்கமாக எடுத்தது பதிவாகி நிற்கும். தீவிரவாத வழக்கில் பணம் எங்கே போனது என்பதைத்தான் முதலில் தோண்டுவார்கள். புரோக்கருக்குக் கொடுத்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

வீடியோ காலில் சீருடையோடு வந்து ‘என்.ஐ.ஏ.விலிருந்து பேசுகிறேன், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்’ என்கிற கூட்டமும் இருக்கிறது. டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. போனை வைத்துவிட்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பழைய தேதி ஒப்பந்தம். முத்திரைத்தாளின் பின்பக்கம் விற்ற தேதி இருக்கும், விற்பனையாளரிடம் பதிவேடு இருக்கும், வரிசை எண் இருக்கும். அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒப்பந்தம் எழுதாமல் வாடகைக்கு விட்டது ஒரு குறைதான்; அதற்காக யாரையும் உபாவில் போட முடியாது. போலி ஆவணம் தயாரித்தால், அதுவரை வெறும் வீட்டுக்காரராக இருந்தவர் எதையோ மறைக்கிறவராகிவிடுவார். ‘எழுதவில்லை, நம்பி விட்டோம்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஜிபே வரவுகள் இருக்கின்றனவே, எட்டு மாதத்துக்கு எட்டு வரிகள். ஒப்பந்தத்தைவிட நல்ல சான்று அது.

வாட்ஸ்அப்புக்கும் இதே பதில். உங்கள் மகன் அழித்தாலும் கைதானவர்களின் போனில் அதே உரையாடல் இருக்கும். அந்தப் போன்கள் ஏற்கெனவே தடயவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்கும். ‘தண்ணி மோட்டார் ஓடலை’, ‘வாடகை அனுப்பிட்டேன்’ என்ற மெசேஜ்களைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பக்கம் இருக்கிற மெசேஜ் இந்தப் பக்கம் இல்லை என்றால்தான் கேள்வி வரும். தடயத்தை அழிப்பது தனிக் குற்றமும்கூட. என் அனுபவத்தில் சின்ன மனிதர்கள் இந்த வழக்குகளில் மாட்டுவது பெரும்பாலும் முன்பு செய்ததற்காக அல்ல. சம்மன் வந்த பிறகு பயத்தில் செய்ததற்காக.

முன்ஜாமீன் பற்றி ஒரே வரி: கிடையாது. உபா பிரிவு 43டி(4) அதை அடைத்துவிட்டது. ‘போட்டுப் பார்க்கலாம் சார்’ என்று ஃபீஸ் வாங்குகிற வக்கீல்கள் உண்டு. என் தொழில்காரர்கள்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. மனு தள்ளுபடியாகும், உங்கள் மகன் கைதுக்குப் பயப்படுகிறார் என்பதும் பதிவாகிவிடும்.

கைதுக்குப் பிறகான ஜாமீனும் லேசில் வராது. சாதாரண வழக்கில் ஜாமீனை ஏன் மறுக்க வேண்டும் என்று அரசுத்தரப்பு காரணம் சொல்ல வேண்டும். இங்கே போலீஸ் தாள்களைப் படித்த மாத்திரத்தில் குற்றச்சாட்டு உண்மைபோலத் தோன்றினாலே ஜாமீன் கூடாது என்கிறது 43டி(5). அந்தத் தாள்களை ஆழமாகக் கிளறாதே என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் வட்டாலி வழக்கில் சொன்னது. கேரளத்து நஜீப் வழக்கில் 5 ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தாயிற்று, இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. அதன்பிறகுதான், இவ்வளவு தாமதமானால் அரசியல் சாசனம் தலையிடும் என்று 2021-ல் சொன்னார்கள். தடா காலத்தில் ராஜீவ் கொலை வழக்கில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த வருடங்களை யார் திருப்பித் தந்தார்கள்? சட்டத்தின் பெயர் தடா, பொடா, உபா என்று மாறுகிறது, காத்திருக்கும் பெஞ்ச் மாறவில்லை.

உங்கள் நிலைமைக்கு நெருக்கமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பாட்னாவில் ஜலாலுதீன் கான் என்ற ஓய்வுபெற்ற கான்ஸ்டபிள் மாடியை வாடகைக்கு விட்டார். அங்கே பிற்பாடு தடைசெய்யப்பட்ட ஓர் அமைப்பின் கூட்டம் நடந்தது என்று 2022-ல் அவரையும் சேர்த்துக் கைது செய்தார்கள். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஜாமீன் மறுத்தன. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வாடகைக்கு விட்டது மட்டுமே குற்றமாகாது, அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று இவருக்குத் தெரியும் என்பதற்குத் தாள்களில் எதுவும் இல்லை என்றார்கள். உபாவில் அடைக்கலம் கொடுக்கும் குற்றத்துக்கும் (பிரிவு 19) ‘தெரிந்தே’ என்பதுதான் உயிர்நாடி. அந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. பெயர் வெளியிடாமல் பாதுகாக்கப்பட்ட சாட்சி ஒருவர் உண்மையில் சொன்னதும், அவர் சொன்னதாகக் குற்றப்பத்திரிகையில் எழுதியிருந்ததும் ஒன்றாக இல்லை. நீதிபதிகளே மூல வாக்குமூலத்தை வாங்கிப் படித்துக் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே விசாரணைக்குப் போய்வந்த அன்று இரவே என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். தூங்கி எழுந்தால் பாதி மறந்துவிடும்.

கையெழுத்து பற்றி. விசாரணை அதிகாரி பதிவுசெய்யும் உங்கள் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து தேவையில்லை. வாங்கக்கூடாது என்றே சட்டம் சொல்கிறது (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 181). ஆனால் போனையோ வேறு பொருளையோ கைப்பற்றினால் அதற்கு எழுதும் மகஜரில் கையெழுத்துக் கேட்பார்கள், அதைப் போடலாம். படித்துவிட்டுப் போடுங்கள். புரியாத மொழியில் இருந்தால் ‘படித்துக் காட்டப்பட்டது, தமிழில் விளக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள். விளக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள். போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும், ஹேஷ் மதிப்பு என்ற நீளமான எண்ணெழுத்து வரியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். போனுக்குள் பிற்பாடு எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதற்கு அந்த வரிதான் பூட்டு. நகல் கேளுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வக்கீலுக்குப் போன் போடுங்கள்.

பொய் சொல்லாதீர்கள். உபா பிரிவு 43எஃப்-ன் கீழ் கேட்ட தகவலைத் தராமல் இருந்தாலோ, தெரிந்தே பொய்த் தகவல் தந்தாலோ 3 ஆண்டு வரை சிறை உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ‘ராத்திரி நிறையப் பேர் வந்தார்களா?’ என்று கேட்டால், நீங்கள் ஒன்பது மணிக்குத் தூங்குகிறவர் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ‘வந்திருக்கலாம் சார்’ என்று மரியாதைக்குச் சொல்கிற பழக்கம் நம் ஊரில் அதிகம். எழுதும்போது அந்த ‘லாம்’ காணாமல் போய்விடும்.

இனி உங்கள் வயது. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிரிவு 179-ன்படி 60 வயதைத் தாண்டிய ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும், 15 வயதுக்குக் குறைந்த பையனையும், மாற்றுத்திறனாளியையும், கடும் நோயுற்றவரையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்ல முடியாது. அதிகாரிதான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வரம்பு 65-ஆக இருந்தது, புதியதில் 60. பழைய நினைப்பில் ‘உங்களுக்கு இன்னும் 65 ஆகவில்லையே’ என்று சொல்கிற அதிகாரிகளை நானே பார்த்திருக்கிறேன். 64 வயதுக் கட்சிக்காரர் ஒருவர் காலை பத்து மணிக்குப் போய், மாலை ஆறு வரை ஒரு மர பெஞ்சில் சர்க்கரை மாத்திரையோடு உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விகள் நான்கு. வந்து போன பஸ் செலவும் அவருடையதுதான். சட்டம் தெரிந்திருந்தால் வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நீங்களாக விரும்பினால் போகலாம், தடையில்லை. உடம்பு முடிந்தால், மகனோடு சேர்ந்து போய் ஒரே நாளில் முடிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும், அவர்கள் உத்தரவாக அல்ல. போக விருப்பமில்லை என்றால் சும்மா இருந்துவிடக்கூடாது. ‘எனக்கு வயது 62, பிரிவு 179-ன்படி என் வீட்டில் விசாரணைக்கு முழு ஒத்துழைப்புத் தருவேன்’ என்று இரண்டு வரி எழுதி, ஆதார் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சம்மனில் உள்ள மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள்.

மகனுக்கு இந்தச் சலுகை இல்லை. குறித்த தேதியில் போக வேண்டும். வக்கீலைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அறைக்குள் விடமாட்டார்கள் என்றாலும் வெளியே ஒருவர் உட்கார்ந்திருப்பது உள்ளே கேட்கும் தொனியையே மாற்றும்.

நடக்காது என்றே நினைக்கிறேன். நடந்தால் தெரிந்திருக்கட்டும் என்பதற்காக இதையும் சொல்கிறேன். மகனைக் கைது செய்தால் கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில், எழுத்தில் கொடுக்காத உபா கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அங்கே ‘காரணம் எழுத்தில் தந்தார்களா?’ என்பதுதான் வக்கீலின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அப்புறம் காலண்டர். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும்; வராவிட்டால் அதைக் காரணம் காட்டியே ஜாமீன் கேட்கலாம். அரசு வழக்கறிஞர் காரணம் காட்டி அறிக்கை தந்தால் நீதிமன்றம் அதை 180 நாள் வரை நீட்டிக்கலாம். ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்ட) நாளும் கணக்கில் சேரும்: ஜனவரி 1-ல் ரிமாண்ட் என்றால் (லீப் ஆண்டு இல்லையென்றால்) மார்ச் 31-உடன் 90 முடிகிறது. நீட்டிப்பும் இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை என்றால் ஏப்ரல் 1 காலையில் ஜாமீன் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். மத்தியானம் போனால், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டிருக்கும்.

சம்மன் தேதிக்கு முன்னால் மகனுடைய வங்கிக் கணக்கின் எட்டு மாத அறிக்கையை இரண்டு நகல் எடுத்து, வாடகை வந்த வரிகளைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பேனா வேண்டாம்.