ஓடு சொல்வது வெப்பத்தையா, நீரையா? ஆக்சிஜன் ஐசோடோப்புகள்: கேள்வி பதில்

பெங்களூரில் வாழும் தமிழர் சிலர் மாதந்தோறும் கூடிப் பேசும் அறிவியல் வட்டத்தில், பழங்காலத் தட்பவெப்பத்தை ஆக்சிஜன் ஐசோடோப்புகளைக் கொண்டு அறிவது பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, அத்தகைய ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் உறுப்பினர் என்ற முறையில் நான் எழுதிய விடைகள் இவை. ஒரே கருத்துள்ள கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆக்சிஜனில் கனமானது, இலேசானது என்று ஏது? எதைத்தான் அளக்கிறீர்கள்? (பள்ளி ஆசிரியை, அல்சூர்)

அம்மா, ஆக்சிஜன் அணு எதுவானாலும் அதில் 8 புரோட்டான்கள் இருக்கும். நியூட்ரான்களின் எண்ணிக்கைதான் வேறுபடும்; அப்படி வேறுபடும் வகைகளே ஐசோடோப்புகள். இயற்கையில் 99.76 சதவீதம் ஆக்சிஜன்-16. இரண்டு நியூட்ரான் கூடுதலாக உள்ள ஆக்சிஜன்-18 சுமார் 0.2 சதவீதம்தான். நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் சற்று எளிதாக மேலேறுகின்றன. ஆவி மீண்டும் நீராகும்போது கனமானவை முந்திக்கொண்டு இறங்குகின்றன. இந்தச் சிறு பாரபட்சம்தான் எங்கள் துறைக்கே முதல்.

அளக்கும் முறை எளிது. கடல் நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓட்டைத் தூளாக்கிப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கரியமில வாயுவை, எடைவாரியாகப் பிரித்தளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் செலுத்தி, கனமான ஆக்சிஜனுக்கும் இலேசானதற்கும் உள்ள விகிதம் ஒரு பொதுத் தரத்திலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகியிருக்கிறது என்று பார்க்கிறோம். அந்த விலகலே டெல்டா மதிப்பு. இன்றைய கடல்நீர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். மழைநீர் பெரும்பாலும் மைனஸில் இருக்கும்.

பனியில் டெல்டா குறைந்தால் குளிர் என்கிறார்கள், கடல் ஓட்டில் கூடினால் குளிர் என்கிறார்கள். எது சரி? (முதுகலை மாணவர், யஷ்வந்த்பூர்)

இரண்டும் சரி, தம்பி. வெப்பக் கடலிலிருந்து துருவத்தை நோக்கிச் செல்லும் ஈரக்காற்று, வழியெங்கும் மழையாகப் பொழிந்து கனமான ஆக்சிஜனை இழந்துகொண்டே போகிறது. குளிர் மிகுந்தால் இழப்பும் மிகும். அதனால்தான் அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் விழும் பனி மைனஸ் 50-க்கும் கீழே போகிறது. ஓட்டின் கதை வேறு: ஓட்டின் கனிமமான கால்சைட் படியும் நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, அவ்வளவு கூடுதலாகக் கனமான ஆக்சிஜன் அதில் சேரும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.22 முதல் 0.25 வரை. எனவே ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்தால், அது எந்தப் பொருளில் அளந்தது என்பதை முதலில் பாருங்கள். கடற்படிவு வரைபடங்களில் செங்குத்து அச்சைத் தலைகீழாக வரைவது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். வெப்பம் மேலே தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் இந்த ஏற்பாடு, என் கருத்தில், புதியவர்களைக் குழப்புவதற்கே அதிகம் பயன்படுகிறது.

டெல்டாவை வெப்பநிலையாக மாற்றச் சூத்திரம் இருக்கிறதே. எக்செலில் ஒரு பத்தி சேர்த்தால் முடிந்துவிடாதா? (மென்பொருள் பொறியாளர், வைட்ஃபீல்டு)

முடியாது, ஏன் முடியாது என்பதில்தான் இத்துறையின் வரலாறே அடங்கியிருக்கிறது. ஹெரால்டு யூரி 1947-இல் இதற்கான அடிப்படையை வகுத்தார். அவருடைய குழுவினர் 1950-களின் தொடக்கத்தில் நீங்கள் சொல்லும் சூத்திரத்தை உருவாக்கினர். ஆனால் அந்தச் சூத்திரத்தில் அறியப்படாதவை இரண்டு: ஓடு உருவான நீரின் வெப்பம் ஒன்று, அந்த நீரின் டெல்டா மற்றொன்று. ஒரு சமன்பாட்டைக் கொண்டு இரண்டையும் தீர்க்க இயலாது.

செசாரே எமிலியானி 1955-இல் கடலடி மண்ணைத் துளைத்து எடுத்த தூண் மாதிரிகளில் இருந்த ஃபோரமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகளை அளந்து, பனியுகங்களும் வெப்பக் காலங்களும் மாறி மாறி வந்ததைக் காட்டினார். மாற்றத்தின் பெரும்பகுதி வெப்பநிலையால் நேர்ந்தது என்று கொண்டு, பனியுகத்தில் கரீபியன் மேற்பரப்பு சுமார் 6 டிகிரி குளிர்ந்ததாகக் கணக்கிட்டார். நிக்கோலஸ் ஷேக்கிள்டன் 1967-இல் அதை மறுத்தார். கடலின் அடியில் வாழும் ஃபோரமினிஃபெராவின் ஓடுகளும் ஏறக்குறைய அதே அளவு மாறியிருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். ஆழ்கடல் நீரோ இன்றே உறைநிலைக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கிறது. அது இன்னும் 6 டிகிரி குளிர வழியே இல்லை. ஆகவே மாறியது பெரும்பாலும் நீரின் டெல்டாதான். இலேசான நீர் பனிப்பாளங்களாக நிலத்தில் தேங்கிவிட, கடலில் கனமான நீர் மிஞ்சியது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதாவது கடல்நீரில் 3 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கு நிலத்தில் பனியாக இருந்தது. அப்பனியின் டெல்டா சராசரியாக மைனஸ் 30-ஐ ஒட்டியது என்று கொண்டால், மீந்த கடலின் டெல்டா ஏறக்குறைய 1 கூடியிருக்க வேண்டும். ஆழ்கடல் ஓடுகள் அப்போதைக்கும் இப்போதைக்கும் இடையே காட்டும் மொத்த வேறுபாடு 1.7 அளவு. அதில் 1 பனிக்குப் போக, எஞ்சிய 0.7-ஐ 0.25-ஆல் வகுத்தால் ஆழ்கடல் சுமார் 3 டிகிரி குளிர்ந்திருந்தது என்று வருகிறது. உங்கள் எக்செல் பத்தி இந்தப் பங்கீட்டைச் செய்யாமல் மொத்தத்தையும் வெப்பமாக மாற்றியிருந்தால், கிட்டத்தட்ட 7 டிகிரி என்று காட்டியிருக்கும்.

லிசியெக்கி, ரேமோ இருவரும் 2005-இல் உலகெங்குமுள்ள 57 தூண் மாதிரிகளைச் சேர்த்து 53 இலட்சம் ஆண்டுகளுக்கு வெளியிட்ட புகழ்பெற்ற டெல்டா வரைபடமும் இப்படி வெப்பமும் பனியும் சேர்ந்த கலவைதான். அதை வெப்பமானி என்று காட்டும் விளக்கப்படங்களை நம்ப வேண்டாம்.

அத்தனை பழைய மண்ணுக்கு வயது எப்படிக் குறிக்கிறீர்கள்? (அதே பொறியாளர்)

ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரை கதிரியக்கக் கார்பன். குகைப் படிவுகளுக்கு யுரேனியம்-தோரியம். கடற்படிவுகளுக்குப் பூமியின் காந்தப்புலம் திசைமாறிய தடங்கள், மேலும் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு ஒப்பிடுதல். கடைசியாகச் சொன்ன முறையில் வயது குறித்துவிட்டு, அதே வரைபடத்தை, சுற்றுப்பாதை மாற்றங்களே பனியுகங்களை வரவழைத்தன என்னும் கொள்கைக்குச் சான்றாக நீட்டினால் அது வட்டவாதம்.

நம் பருவமழையின் பழைய வரலாற்றை இதனால் அறிய முடியுமா? (ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர், மல்லேஸ்வரம், சொந்த ஊர் தஞ்சைப் பக்கம்)

முடியும் ஐயா, ஆனால் கடலைவிடக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வெப்பமண்டலத்தில் மழையின் டெல்டா வெப்பத்தைவிட மழையின் அளவையே அதிகம் பின்பற்றுகிறது: கொட்டித் தீர்க்கும் மழை டெல்டா குறைந்து இலேசாகவும், தூறல் டெல்டா கூடிக் கனமாகவும் இருக்கும். குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீர் அந்த முத்திரையோடு, தரையிலிருந்து மேலே வளரும் சுண்ணாம்புத் தூணான ஸ்டாலக்மைட்டாகப் படிகிறது. மேகாலயாவின் மாவ்ம்லூ குகையில் கிடைத்த ஒரு ஸ்டாலக்மைட், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் டெல்டா உயர்ந்ததைக் காட்டியது. அது பருவமழை தளர்ந்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. புவியியல் காலவரிசையில் இன்று நாம் வாழும் பகுதிக்கு 2018-இல் மேகாலயன் என்று பெயரிடப்பட்டது அதைக் கொண்டே. அதே குகையின் வேறு படிவுகளை நுணுகி ஆராய்ந்தவர்களோ, ஒரே திடீர் வறட்சியாக அன்றி, விட்டுவிட்டு வந்த வறட்சிகளாகவே அதைக் கண்டார்கள்.

தஞ்சைக்காரரான உங்களுக்கு இன்னொன்று முக்கியம். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகத் தென்மேற்கு மழையைவிட இலேசானது, அதாவது டெல்டா குறைந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீரால் வங்கக்கடலின் மேற்பரப்பு அந்தப் பருவத்தில் இலேசாகியிருப்பதும், புயல் மண்டலங்கள் வழியிலேயே பொழிந்துகொண்டு வருவதும் இதற்குக் காரணங்கள். ஆகவே தெற்கே ஒரு குகையில் டெல்டா குறைந்திருந்தால், ஆண்டு மழை கூடியது என்றும் கொள்ளலாம். ஆண்டு மழை மாறாமலே ஆடி மழை குறைந்து ஐப்பசி மழை கூடியது என்றும் கொள்ளலாம். இவற்றுள் எது என்பதை அந்தக் குகை மட்டும் தீர்த்துவைக்காது. இரு பருவத்திலும் மழை பெறும் பெங்களூர் போன்ற இடத்தில், முதலில் பல ஆண்டுகள் இன்றைய மழையைச் சேகரித்து அளந்துகொண்டே பழைய காலத்துக்குப் போக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். அதைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் முடிவுகளை நான் அரைமனதோடுதான் படிக்கிறேன்.

எங்கள் போர்வெல் நீரை அளந்தால் ஏதாவது தெரியுமா? (குடியிருப்போர் சங்கச் செயலர், பெல்லந்தூர்)

பழந்தட்பவெப்பம் தெரியாது, ஆனால் நீரின் மூலம் தெரியலாம். ஏரியில் தேங்கி ஆவியான நீர், ஆக்சிஜன், ஹைட்ரஜன் இரண்டின் டெல்டாவையும் சேர்த்து வரைந்தால், மழைநீர் மாதிரிகள் அமையும் கோட்டிலிருந்து விலகி நிற்கும்.

கிரீன்லாந்துப் பனியின் வரைபடம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. இன்றைய வெப்பம் பழைய காலத்தைவிடக் குறைவு என்கிறதே? (கணக்காளர், ராஜாஜிநகர்)

அந்தப் படத்தை நானும் பலமுறை பெற்றிருக்கிறேன். அது ஜிஸ்ப்-2 என்னும் பனித்தூண் மாதிரியிலிருந்து பெற்றது. அதில் 'இன்றிலிருந்து 95 ஆண்டுகளுக்கு முன்' என்ற புள்ளியோடு தரவு முடிகிறது. இத்துறையில் 'இன்று' என்பது 1950. எனவே கடைசிப் புள்ளி 1855. அதன் பிறகு நேர்ந்த வெப்பமாதல் எதுவும் அந்தக் கோட்டில் இல்லை. மேலும் அது கிரீன்லாந்தின் உச்சியில் ஓரிடத்தின் வெப்பநிலையே தவிர, உலகச் சராசரி அன்று.

அதே பனியிலிருந்து கற்க வேண்டியது வேறொன்று உண்டு. பனித்தூணை எடுத்த துளைக்குழிக்குள் வெப்பமானியை இறக்கி, ஆழப் பனியில் இன்னும் எஞ்சியிருக்கும் பழங்குளிரை 1990-களில் நேரடியாக அளந்தபோது, டெல்டாவிலிருந்து வழக்கமான விகிதத்தில் கணக்கிட்டதைவிடப் பனியுகம் அங்கே ஏறக்குறைய இரு மடங்கு குளிராக இருந்தது தெரியவந்தது. பனியுகத்தில் குளிர்காலப் பனிப்பொழிவு அருகியிருந்தது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது: விழாத பனி பதிவாவதில்லை.

வெப்பத்தையும் நீரையும் பிரித்தறிய வழியே இல்லையா? (ஆய்வு மாணவி, இந்திய அறிவியல் கழக வளாகம்)

உண்டு. அதே ஓட்டில் மெக்னீசியம்-கால்சியம் விகிதத்தை அளந்து வெப்பத்தைத் தனியே பெற்று, பிறகு டெல்டாவிலிருந்து நீரைக் கணக்கிடுவது இன்று பரவலான முறை. வங்கக்கடலின் பழைய உப்புத்தன்மையை இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள். மற்றொன்று, கார்பன்-13, ஆக்சிஜன்-18 ஆகிய இரு கன அணுக்களும் ஒரே கார்பனேட் தொகுதியில் இணைந்திருக்கும் வீதத்தை அளப்பது. அது வெப்பத்தை மட்டும் சார்ந்தது, நீரின் டெல்டாவைச் சாராதது. இதற்கான 2006-ஆம் ஆண்டின் அடிப்படைக் கட்டுரையின் முதல் ஆசிரியரான பேராசிரியர் புரொசென்ஜித் கோஷ் உங்கள் வளாகத்திலேயே பணியாற்றுகிறார். நேரில் கேட்பதே நல்லது.

ஆனால் இரண்டு இடர்கள் உண்டு. சாதாரண டெல்டாவுக்குச் சில ஓடுகளே போதும்; இந்த முறைக்கு மில்லிகிராம் கணக்கில் தூள் வேண்டும், அதாவது நுண்ணோக்கியின் கீழ் ஒரே இனத்து ஓடுகளை நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். இரண்டாவது, ஓடு கடலடியில் கரைந்து மீண்டும் படிகமாகியிருந்தால் அங்குள்ள குளிர்ந்த நீரின் முத்திரை அதில் ஏறிவிடும். இதைப் பிரித்துச் சொல்ல எந்தச் சூத்திரமும் கிடையாது. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் ஓடுகளைத் தனியே எடுத்துவிட்டு, சர்க்கரை போல் வெளிறியவற்றை ஒதுக்குங்கள். பொறுக்கும் நாளிலேயே ஒரு சிலவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்துவிடுங்கள். அமிலத்தில் போட்ட பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.