கோல்கீப்பர் சாரூத்: நீங்கள் கேட்டவை

வியாசர்பாடியில் போன ஞாயிறு காலைப் பயிற்சி முடிந்ததும் கீப்பர் பசங்களை உட்கார வைத்து அப்துல் பாசித் அல்-சாரூத் பற்றிச் சொன்னேன். சிரியாவின் ஹோம்ஸ் நகரத்துப் பையன். கோல்கீப்பர். 2011ல், 19 வயதில், கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அப்போதைய அதிபர் அசாத்தின் ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் இறங்கியவர். அன்றிலிருந்து பசங்களும் வீட்டுப் பெரியவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அவர் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரரா சார்? செத்த பிறகு ஏற்றிச் சொல்கிறார்களா? (பெரம்பூர் வாசகர்)

நல்ல ஆட்டக்காரர்தான். சிரிய இளையோர் அணியின் கீப்பர், கிளப் அல்-கராமா. 2006ல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி வரை போன கிளப் அது. ஹோம்ஸில் அந்த ஜெர்ஸி போட்ட பையனைத் தெருவுக்கே தெரியும்.

கீப்பர் எப்படிக் கூட்டத்துக்குத் தலைவரானார்? (பிளஸ் டூ படிக்கும் தம்பி, நம்ம டீம் கீப்பர்)

தம்பி, கார்னர் வரும்போது பாக்ஸுக்குள் யார் கத்துகிறார்கள்? நீதானே! பத்துப் பேரையும் குரலால் நிறுத்துகிறவன் கீப்பர். 2011 தொடக்கத்தில் சிரியாவின் தெரா ஊரில், ஆட்சிக்கு எதிராகச் சுவரில் எழுதிய பள்ளிப் பிள்ளைகளை அரசின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். அங்கே பற்றிய போராட்டத் தீ ஹோம்ஸுக்கும் வந்தது. ஏப்ரலில் மணிக்கூண்டுச் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைச் சுட்டார்கள். அதற்குப் பிறகும் மக்கள் இரவில் கூடினார்கள். யாரோ ஒருவர் தோளில் சாரூத் ஏறி உட்கார்ந்து ஒரு வரி பாடுவார், கீழே நிற்கும் மொத்தக் கூட்டமும் கைதட்டித் திருப்பிப் பாடும். பக்கத்தில் நடிகை ஃபத்வா சுலைமான் நிற்பார். அசாத்தின் சிறுபான்மை அலவி சமூகத்தில் பிறந்தவர் அவர், சாரூத் பெரும்பான்மை சுன்னி முஸ்லிம். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அரபியில் கீப்பருக்கு 'ஹாரிஸ்' என்பார்கள், காவலன் என்றும் பொருள். மக்கள் அவரைப் 'புரட்சியின் ஹாரிஸ்' என்றே கூப்பிட்டார்கள்.

பாடியவர் துப்பாக்கி எடுத்தது சரியா? (கொளத்தூர் அக்கா)

அக்கா, சரி தப்பு சொல்லும் முன் நடந்ததைப் பாருங்கள். 2012 பிப்ரவரியில் ஹோம்ஸ் குடியிருப்புகள் மேல் அரசுப் படையின் பீரங்கிக் குண்டு விழுந்தது. அப்புறம் பழைய நகரத்தைச் சுற்றி வளைத்து, சோறு தண்ணீர் போகாமல் அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இலை தழையைத் தின்றார்கள். 2014 ஜனவரியில் மாவுக்காக ஆலைப் பக்கம் வளையத்தை உடைக்கப் போன போராளிகளில் ஏராளமானோர் செத்தார்கள். போர் முடிவதற்குள் சாரூத்தின் அப்பாவும் நான்கு சகோதரர்களும் போய்விட்டார்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். துப்பாக்கியைத் தொட்டிருக்க மாட்டேன் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஐ.எஸ். ஆள் என்கிறார்களே?

2014 மே மாதம் உடன்பாட்டின்படி ஹோம்ஸிலிருந்து வெளியேறினார். அதற்குப் பிறகு ஐ.எஸ். என்ற 'இஸ்லாமிய அரசு' தீவிரவாத அமைப்பின் பக்கம் சாய்ந்தார் என்ற குற்றச்சாட்டு கடைசி வரை அவரை விடவில்லை. சேரவில்லை என்று அவர் மறுத்தார். ஆனால் பிந்தைய பாடல்களில் மற்றச் சமூகத்தின் மேல் வெறுப்பு ஏறியது என்ற விமர்சனத்தை நான் தள்ள மாட்டேன். ஃபத்வாவோடு நின்ற பையனா இது என்று மனம் கனக்கிறது. பசங்களிடமும் இதை மறைக்கவில்லை.

துரோக்பா போரை நிறுத்தினாரே, இவரால் ஏன் முடியவில்லை?

துரோக்பா ஐவரி கோஸ்ட் நாட்டுக் கால்பந்து வீரர், அங்கே அப்போது உள்நாட்டுப் போர். 2005ல் சூடானை வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் உடை மாற்றும் அறையில் அணியோடு மண்டியிட்டு, ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று துரோக்பா கெஞ்சியது உண்மை. அப்போது அவர் உலகம் அறிந்த செல்சி நட்சத்திரம், போரிட்ட இரண்டு தரப்பிலும் அவருக்கு ரசிகர்கள். சாரூத் 19 வயது உள்ளூர்ப் பையன், எதிரே இருந்தது சொந்த ஊரையே சுட்ட அரசாங்கம்.

கடைசியில் என்ன ஆனார்?

ஜைஷ் அல்-இஸ்ஸா என்ற கிளர்ச்சிப் படையில் சேர்ந்தார். ஹமா மாகாணத்தின் வடக்கே நடந்த சண்டையில் அடிபட்டு, 2019 ஜூன் 8 அன்று இறந்தார். வயது 27. கீப்பருக்கு ஆட்டம் கனிகிற வயது அது. இத்லிப் மாகாணத்தில் அல்-தானா என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். 2024 டிசம்பரில் அசாத் ஓடியபோது, அவர் பாடிய பாட்டுகளைச் சிரியத் தெருக்களில் மக்கள் திரும்பப் பாடினார்கள்.