பைக் ஓட்டினால் சாலையில் கவனம் கூடுமா?

கேள்வி: பைக் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சாலையில் கவனம் அதிகம், கார் ஓட்டுமுன் சில வருடம் பைக் ஓட்டியிருப்பது நல்லது என்கிறார்களே, உண்மையா?

என் அனுபவத்தில் உண்மை. ஆனால் எல்லோருக்கும் இல்லை, எல்லா நாளும் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐஸ் கம்பெனிகளிலும் மீன் கம்பெனிகளின் குளிர் அறைகளிலும் கம்ப்ரசர் பழுது பார்ப்பது என் தொழில். வீடு ராமநாதபுரம். ஒருநாள் மண்டபம், பாம்பன். மறுநாள் கீழக்கரை, ஏர்வாடி. சில நாள் சாயல்குடி தாண்டி மூக்கையூர் வரை. மெஷின் நின்றுவிட்டால் இரவு இரண்டு மணிக்கும் போன் வரும். பதினாறு வருடம் இதெல்லாம் பைக்கில்தான். கேஸ் சிலிண்டரும் கருவிகளும் ஏற்ற ஒரு சின்ன வேன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அதனால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து தொடங்குகிறேன். 1988-இல் திறந்தது, 2.345 கிலோமீட்டர் நீளம். வேனில் போனால் கடலைப் பார்த்து முடிப்பதற்குள் பாலம் முடிந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் பைக்கில் போனால் கடலைப் பார்க்கவே தோன்றாது. கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது அது வலது தோளில் முட்டும். நமக்கே தெரியாமல் வண்டியை லேசாக வலப்பக்கம் சாய்த்து, காற்றின் மேல் சாய்ந்துகொண்டு போவோம். அப்போது எதிரே ஒரு பேருந்து வரும். அது நம்மைக் கடக்கிற அந்த ஒரு நொடி காற்று நின்றுபோகும். இவ்வளவு நேரம் முட்டுக்கொடுத்தது திடீரென்று இல்லை. வண்டி வலப்பக்கம், அதாவது பேருந்தை நோக்கியே இழுக்கும். பேருந்து கடந்ததும் காற்று பழையபடி வந்து இடப்பக்கம் தள்ளும். முதல் தடவை எனக்கு இது நடந்தபோது பேருந்தின் பின்சக்கரத்துக்கும் என் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். பாம்பனில் இறங்கியபின் வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்துவிட்டேன். கை நடுக்கம் நிற்க நேரமானது.

அதற்கப்புறம் மண்டபத்தைத் தாண்டும்போதே பனை ஓலை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். நாட்டுப்படகில் கொடி எப்படி விறைத்து நிற்கிறது என்று பார்ப்பேன். என் அப்பா கடலுக்குப் போனவர். வாசலில் நின்றபடியே "கச்சான் ஏறிருச்சுடா, இன்னைக்கு வேணாம்" என்று சொல்லிவிடுவார். சின்ன வயதில் எனக்கு அது மந்திரம் மாதிரி இருக்கும். அவர் பார்த்தது ஓலையையும் கொடியையும்தான் என்று பைக் ஓட்டிய பிறகுதான் புரிந்தது. காற்று பலமாக இருந்தால் பாலத்தில் நாற்பதுக்கு மேல் போக மாட்டேன். முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டு கையைத் தளர்வாக வைத்துக்கொள்வேன். பேருந்து நெருங்குமுன்பே நடுக்கோட்டை விட்டு விலகிவிடுவேன். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வந்துவிட்டால் கணக்கு அப்படியே திரும்பும். ராமேஸ்வரம் போகிறவனுக்கு இடப்பக்கத்திலிருந்து அடிக்கும், எதிர் வண்டி அதைத் தடுக்காது.

சாலையில் கவனம் என்றால் நேரே பார்த்து ஓட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். ரோடு தன் சேதியைக் கண்ணுக்கு மட்டும் சொல்வதில்லை. பாம்பன், மண்டபம் பக்கம் மீன் ஏற்றிய வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகும். வெறும் தண்ணீர் இல்லை, மீன் கொழுப்பும் செதிலும் கலந்தது. திருப்பத்தில் வண்டி சாயும்போது கொட்டுவதும் அதிகம், நாமும் சாய்ந்து திரும்புகிற இடமும் அதுவே. இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியும். பச்சை மீன் வாடை பலமாக வந்தால் நான் சாயாமல் நிமிர்ந்து, மெதுவாகத் திரும்புவேன். மாசி, பங்குனியில் உள்பக்க ரோடுகளில் முண்டு மிளகாய் காயப் போட்டிருப்பார்கள். ராத்திரி மிளகாயை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், தார்ப்பாய் பறக்காமல் வைத்த கல் மட்டும் ரோட்டிலேயே கிடக்கும். மூக்கில் காரம் ஏறினால் அடுத்து கல் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டால் இந்த இரண்டும் எனக்கு வராது. அதனால் மிளகாய் சீசனில் வேனிலும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வைக்கிறேன்.

தனுஷ்கோடி பற்றியும் ஒரு வார்த்தை. 1964 புயலில் அழிந்த ஊர். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்தபின் வெளியூர்ப் பையன்கள் நிறைய பேர் பைக்கில் வருகிறார்கள். நேர் ரோடு, இரண்டு பக்கமும் கடல், முறுக்கத் தோன்றும். காற்று நாளில் மணல் தாரின் மேல் நாக்கு மாதிரி நீண்டு படர்ந்திருக்கும். மணலுக்குள் போனபின் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். தார் தெரிகிறபோதே வேகத்தைக் குறைத்துவிட்டு, மணலின் மேல் எதையும் பிடிக்காமல் கடக்க வேண்டும். இதற்காக முன் பிரேக்கே ஆகாது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அது தவறு. பிரேக் பிடித்தால் பாரம் முன்சக்கரத்துக்குத்தான் வருகிறது, நல்ல தாரில் வண்டியை நிறுத்துவதில் பெரிய பங்கு முன் பிரேக்குக்கே. அறுபதில் போகிறவன் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறான். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அந்தத் தூரம் போதாது.

இனி முக்கியமான விஷயம். 2014-இல் திருப்புல்லாணி பக்கம் எனக்கு விபத்து நடந்தது. காலை பதினோரு மணி, நல்ல வெளிச்சம். எதிரே வந்த கார் தன் வலப்பக்கச் சந்துக்குள் திரும்ப வேகம் குறைத்தது. ஓட்டியவர் முகம் தெரிந்தது, அவர் கண் என் மேல்தான் இருந்தது. பார்த்துவிட்டார், நிற்பார் என்று வேகத்தைக் குறைக்காமல் போனேன். அவர் திரும்பினார். எனக்குக் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்து இரண்டு மாதம் வேலை இல்லை. அவர் நல்ல மனிதர், என்னைத் தூக்கி உட்காரவைத்து அழாத குறையாகச் சொன்னார்: "உங்களைப் பார்த்தேண்ணே. இன்னும் தூரத்துல வர்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

படுத்திருந்த நாட்களில் எனக்கு அவர் மேல் கோபம்தான். ஏதோ சால்ஜாப்பு என்று நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோது அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. ஒரே தூரத்தில் ஒரே வேகத்தில் வந்தாலும் பெரிய லாரி கிட்டே வந்துவிட்ட மாதிரியும், ஒல்லியான பைக் இன்னும் தூரத்தில் இருக்கிற மாதிரியும் மனிதக் கண்ணுக்குத் தோன்றும். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டார்கள். பைக்கும் வேறு வண்டியும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வண்டிக்காரர் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. பைக்கைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் முக்கியக் காரணமாக அதில் வருகிறது. அதைப் படித்தபோதுதான் கோபம் ஆறியது.

அன்றிலிருந்து நான் முகத்தைப் பார்ப்பதில்லை, முன்சக்கரத்தைப் பார்க்கிறேன். கார் திரும்பப் போகிறதென்றால் உடம்பு திரும்புமுன் சக்கரம் திரும்பிவிடும். அதைப் பார்த்து மிஞ்சுகிற நேரம் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் பிரேக்கில் விரல் ஏற்கெனவே இருந்தால் அது போதும்.

இன்னொன்று, நிழல். ராமநாதபுரம்–ராமேஸ்வரம் ரோடு கிழக்கு மேற்காகப் போகிறது. பாம்பனில் இரவு வேலை முடித்து விடியற்காலை வீடு திரும்புவேன். சூரியன் என் முதுகில். எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும், அதனால் மனம் சும்மா இருக்கச் சொல்லும். ஆனால் என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்திருக்கும். அப்படியென்றால் எதிரே வருகிறவர் கண்ணில் சூரியன், அவருக்கு நான் தெரியமாட்டேன். அந்த நேரத்தில் எதிரே வருவதும் பெரும்பாலும் அக்னி தீர்த்தத்தில் குளிக்க இரவெல்லாம் தூங்காமல் வண்டி ஓட்டி வருகிறவர்கள். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு வேன் கோட்டுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் என்று மெல்ல ஆடி வருவதைப் பார்த்து, தாரை விட்டே இறங்கி நின்றிருக்கிறேன். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் விடியற்காலை வேலையே ஒப்புக்கொள்வதில்லை, கம்பெனியில் கோபித்தாலும் சரி.

இதெல்லாம் வேனுக்கும் என்னோடு வந்திருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. வந்திருக்கிறது. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தூணுக்குப் பின்னால் ஒரு பைக் முழுசாக மறையும் என்று எனக்கு உடம்பிலேயே தெரியும். அதனால் திரும்புமுன் தலையை முன்னும் பின்னும் நகர்த்தி அந்தத் தூணுக்குப் பின்னால் பார்க்கிறேன். ஒருமுறை பார்ப்பதோடு விடுவதில்லை, இரண்டாவது முறையும் பார்க்கிறேன். கதவைத் திறப்பது இடது கையால். அப்படித் திறந்தால் உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிடும். வாலிநோக்கம் பக்கம் விடியுமுன் உப்பளத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள் இருப்பார்கள், லைட்டும் இருக்காது. இருட்டில் ரோட்டோரம் எப்படிப்பட்ட இடம் என்று நான் அங்கே ஓட்டித் தெரிந்துகொண்டவன், அதனால் அந்த ஓரத்தை அவர்களுக்கென்று விட்டே வேனை ஓட்டுகிறேன்.

அறிவியலாகவும் கேட்பீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூளையின் மின்னலையை அளந்து செய்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. பைக் ஓட்டும்போது புலன்களின் கவனம் கூடுகிறது, மன அழுத்தத்துக்கான அடையாளங்கள் குறைகின்றன என்றார்கள். செலவு செய்தது ஹார்லி டேவிட்சன் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை, ஆனால் அதை வைத்து யாரையும் பைக் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் இந்தக் கூர்மை நிலைத்து நிற்பதில்லை. ஒருநாள் மூக்கையூரில் பத்து மணி நேர வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்தேன். வண்டியை ஸ்டாண்டு போட்டபோது, சாயல்குடியிலிருந்து எப்படி வந்தேன் என்று யோசித்தேன். எதுவும் நினைவில்லை. ஏர்வாடி விலக்கைத் தாண்டியது கூட நினைவில்லை. அந்த விபத்தைவிட எனக்கு அதுதான் அதிகப் பயம் கொடுத்தது. இப்போதெல்லாம் களைப்பாக இருந்தால் ஏர்வாடியிலோ கீழக்கரையிலோ நிறுத்தி டீ குடித்து, முகம் கழுவிவிட்டுத்தான் கிளம்புவேன். கீழக்கரையில் மெக்கானிக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் நான் வந்து நின்றாலே ஸ்டூலை இழுத்துப் போட்டுவிடுவார், எதுவும் கேட்க மாட்டார். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை டேங்கின் மேல் வைத்துக்கொண்டு தொண்ணூறில் போகிறவனுக்கும் பைக் எதையும் கற்றுக்கொடுக்காது. அந்த வேகத்தில் கண் நேரே ஒரு சின்ன வட்டத்தை மட்டும்தான் பார்க்கும். சீமைக்கருவேல நெற்றைத் தின்ன ஓரத்தில் நிற்கிற ஆடு அந்த வட்டத்துக்குள் வருவது குறுக்கே ஓடும்போதுதான். அதிலும் தாய் ஆடு கடந்துவிட்டதே என்று நினைக்கும்போதுதான் குட்டி ஓடிவரும்.

அக்கா மகனுக்குப் பதினெட்டு முடிந்து எல்எல்ஆர் எடுத்திருக்கிறான். வண்டியைக் கொடுக்குமுன் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் உட்காரவைத்து மண்டபம், பாம்பன் என்று கூட்டிப்போனேன். ஒரே வேலைதான் கொடுத்தேன்: ஆபத்து என்று என்ன தோன்றுகிறதோ அதை என் காதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் "லாரி மாமா, பஸ் மாமா" என்றான். அப்புறம் ஆடு வந்தது, மணல் வந்தது. போன மாதம் பாம்பன் பாலத்தில், ரயில் பாலத்தைப் பார்க்க ஓரத்தில் நிறுத்தியிருந்த ஒரு காரை நெருங்கும்போது தோளைத் தட்டினான்.

"மாமா, அந்தக் கார் டிரைவர் சீட்ல தலை அசையுது."

எனக்கு அது தெரியவில்லை. எதிரே யாரும் வராததால் வலப்பக்கம் விலகிக் கடந்தேன். நாங்கள் கடக்கும்போது கதவு திறந்தது.

அடுத்த ஞாயிறு அவன் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்தேன்.