கொங்கிரீட் இல்லாத தரைக்கு அனுமதி கிடைக்குமா?

கேள்வி: ரொறன்ரோ, ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் சின்னதாக ஒரு கார்டன் சூட் (வளவுக்குள் தனியாக நிற்கும் சிறு வீடு) கட்டப்போகிறோம். கொங்கிரீட் லொறி உள்ளே வர இடமில்லை. சரளைக்கு மேல் ஃபோம் (குளிரைத் தடுக்கும் பலகை), அதற்கு மேல் இரண்டு அடுக்கு பிளைவுட் போட்டால் போதும், தரை சூடாகவும் இருக்கும் என்கிறார் மகன். மாநகரசபை விடுமா?
– ஒரு வாசகி

பதில்: விட வாய்ப்பு உண்டு, ஆனால் கவுண்டரில் போய் "இப்படிப் போடலாமா" என்று வாய்ப்பேச்சாகக் கேட்டுவிடாதீர்கள் அம்மா, வழக்கமில்லாத எதைக் கேட்டாலும் முதலில் வருவது "இல்லை"தான்.

ஒன்ராறியோ கட்டட விதிகளில் 'மாற்றுத் தீர்வு' என்று ஒரு வழி இருக்கிறது. விதி சொன்னபடி செய்யாவிட்டாலும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று எழுத்தில் காட்டவேண்டும், ஒப்புக்கொள்வது தலைமைக் கட்டட அதிகாரியின் கையில். அதற்கும் முன்னால், அதே விதிகளில் மண்மேல் போடும் தரைகளைப் பற்றிய 9.16 பிரிவைப் பாருங்கள். சிஎஸ்ஏ எஸ்406 என்ற, மர அத்திவாரங்களுக்கான கனடியத் தரத்தின்படி கட்டினால் மண்மேல் மரத்தரையே போடலாம் என்று அங்கேயே இருக்கிறது! பதப்படுத்திய மரம் கேட்பார்கள், சரி, ஆனால் பேச்சைத் தொடங்க அது நல்ல இடம்.

ஃபோம் அமுங்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வீட்டுத் தரைக்குச் சதுர அடிக்கு 40 பவுண்டு சுமை கணக்கிடுவார்கள். டைப் 2 என்ற வகை ஃபோம் சதுர அங்குலத்துக்கே 16 பவுண்டு, அதாவது சதுர அடிக்கு 2,300 பவுண்டு தாங்கும், நீண்டகாலத்துக்கு அதில் மூன்றிலொன்றை மட்டும் எடுத்தாலும் ஏராளம். அதிகாரி குடைவது ஈரத்தைப் பற்றித்தான். கீழே 4 அங்குலச் சரளை, மூட்டுகளில் ஒட்டிய நீராவித் தடுப்புத் தாள், மண்ணிலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயு ஏறாத அடைப்பு, எல்லாம் வரைபடத்தில் இருக்கட்டும். ரொறன்ரோவில் கறையானும் உண்டு, ஃபோமுக்குள் அது சுரங்கம் போட்டால் வெளியே தெரியாது. அப்புறம், பொறியியலாளர் முத்திரை இல்லாமல் போகவே போகாதீர்கள். மறுத்துவிட்டால் கட்டட விதி ஆணையத்திடம் முறையிடலாம்.

ஒன்றை மகனிடம் சொல்லுங்கள். தரையில் கொங்கிரீட் இல்லை என்றாலும் சுவருக்கு அத்திவாரம் வேண்டும், உறைபனி எட்டாத 4 அடி ஆழத்தில். திருகு இரும்புத் தூண்கள் இறக்கினால் அதற்கும் லொறி தேவைப்படாது. லொறி வராததுதான் ஒரே காரணம் என்றால், தெருவில் நிறுத்தி குழாய் வழியாகப் பின்வளவுக்குக் கொங்கிரீட் அடிக்கிற பம்ப் வாடகை எவ்வளவு என்றும் விசாரியுங்கள், பொறியியலாளர் கூலியைவிட அது குறைவாகவும் இருக்கலாம்.