சேர்ந்த கையோடு விலகிப் போகிறார்கள், என்ன செய்வது? – கேள்வி பதில்

மட்டக்களப்பில் சிறுவர் பாதுகாப்பு வேலையில் நீண்ட காலம் களத்தில் நின்றவள் நான். பிறகு ஆட்களைத் தெரிவு செய்யும் பக்கத்திலும் இருந்தேன். புதிதாக எடுக்கும் களப்பணியாளர்கள் ஏன் நிற்பதில்லை என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கிரானிலிருந்து ஓர் இணைப்பாளர்: மிஸ், இந்த வருடம் 3 பேரை எடுத்தோம். 4 மாதத்துக்குள் 2 பேர் போய்விட்டார்கள். சம்பளம்தான் காரணமா?

சம்பளமும்தான். ஆனால் அது கடிதத்திலேயே இருந்தது, தெரிந்துதான் கையெழுத்து வைத்தார்கள். தெரியாமல் வந்தது வேலையைப் பற்றித்தான். விளம்பரத்தில் ‘சிறுவர்களுடன் பணியாற்ற ஆர்வமுள்ளவர்’ என்று போட்டிருப்பீர்கள். இந்த வேலையில் சிறுவர்களோடு இருக்கும் நேரம் கொஞ்சம். அறிக்கை, கோப்பு, பிரதேச செயலகக் கூட்டம் என்று பாதி வாரம் போகும். மிச்சம் பெரியவர்களோடு: குடித்துவிட்டு நிற்கும் தகப்பன், குவைத்துக்குப் போன தாய்க்குப் பதிலாகப் பிள்ளை வளர்க்கும் அம்மம்மா, ஜி.எஸ். (கிராம சேவகர்), பொலிஸ்.

நான் சேர்ந்த மாதம் ஒரு கேஸுக்காக விடிய வெளிக்கிட்டுப் போய் நீதிமன்ற விறாந்தையில் பகல் முழுக்க நின்றேன். பின்னேரம் தவணை போட்டார்கள், அவ்வளவுதான். இப்படியும் ஒரு நாள் போகும் என்று யாராவது முதலே சொல்லியிருந்தால் அன்று இரவு அழுதிருக்கமாட்டேன்.

ஏறாவூர்: உண்மையைச் சொன்னால் வருகிற ஓரிருவரும் ஓடிவிடுவார்களே?

எல்லாருக்கும் உள்ள பயம் இது. அமெரிக்காவில் 1956இலேயே வைட்ஸ் என்பவர் காப்புறுதி முகவராகச் சேர வந்தவர்களுக்கு வேலையின் நல்லது கெட்டதை எழுதிய சிறு கைநூல் கொடுத்துப் பார்த்தார். அந்தக் கைநூலைப் படித்தவர்களும் வேலைக்கு வந்தார்கள், அது கிடைக்காதவர்களைவிடக் கூட நாள் நின்றார்கள். அங்கே பல மாநிலங்களில் இப்போது சிறுவர் நலப் பணிக்கு விண்ணப்பிப்பவர்கள் முதலில் ஒரு காணொளி பார்க்கிறார்கள். உண்மையான பணியாளர்களே அதில் பேசுவார்கள். ஆனால் இது மந்திரம் இல்லை. பிறகு வந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது விலகல் குறைந்தது கொஞ்சம்தான்.

அப்புறம், உண்மை என்றால் பயம் காட்டுவது இல்லை. இடைவிலகிய பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போன கதையும் உண்மைதானே? அதையும் சொல்லுங்கள்.

வெல்லாவெளி: நேர்முகத்துக்கு முன் ஒரு நாள் களத்துக்குக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள், ஆனால் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். நாளைக்கு வேலைக்கு வருவாரா என்றே தெரியாத ஒருவருக்கு அந்தப் பிள்ளையின் கதை எதற்கு? எங்கள் ஊர்களில் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே அயல் முழுக்கப் பேச்சு. நாங்கள் போகும் வழியை மட்டும் காட்டினோம். குருமண்வெளியில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூரில் இறங்கி, அங்கிருந்து உள்ளே. மார்கழி வெள்ளத்தில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை எப்படி இருக்கும் என்பதைப் படத்தில் காட்டினோம். பிறகு பெயர், ஊர் எல்லாம் நாங்களே கற்பனையாய் எழுதிய ஒரு கோப்பைக் கொடுத்து, “சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு வந்த முறைப்பாடு இது. இன்றைக்கு முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டோம். ஒரு தங்கச்சி அரை மணித்தியாலம் வாசித்துவிட்டு, “மிஸ், இது எனக்குச் சரிவராது” என்று எழும்பினா. எனக்கு அவவில் மரியாதைதான் வந்தது. ஒரு குடும்பம் அவவிடம் மனம் திறந்த பிறகு அவ போயிருந்தால், அந்தப் பிள்ளை தன் கதையை இன்னொருவருக்கு முதலிலிருந்து சொல்லவேண்டி வந்திருக்கும்.

திருக்கோவில், பட்டதாரி: நேர்முகத்தில் நான் அவர்களிடம் என்ன கேட்கலாம் அக்கா?

தாராளமாகக் கேளுங்கள் தங்கச்சி. எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்? ஒருவருக்கு எத்தனை கோப்பு? பெற்றோல் காசு யார் தருவார்கள், எப்போது? இரவு அழைப்பு வந்தால் கூட யார் வருவார்கள்? அம்பாறை நகரில் கூட்டம் என்றால் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும், அதற்கு என்ன ஏற்பாடு? முதல் கேள்விக்கு முகம் மாறினால் யோசித்து முடிவெடுங்கள்.

செங்கலடி: எல்லாம் சொல்லித்தான் எடுத்தோம், அப்படியும் போகிறார்களே?

அப்படியென்றால் நீங்கள் சொன்ன கஷ்டத்தைத்தான் குறைக்க வேண்டும். ‘கோப்பு அதிகம் என்று முதலே சொன்னோமே’ என்று சில அலுவலகங்கள் அதையே கேடயமாகப் பிடிக்கின்றன. எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல் வரும். புதியவரை முதல் 3 மாதம் தனியே அனுப்பாதீர்கள். பாரமான கேஸ் பார்த்துவிட்டு வந்தால், அறிக்கை கேட்பதற்கு முன் ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்துப் பேசவிடுங்கள். போகிறவரிடமும் ஒருதரம் உட்கார்ந்து கேளுங்கள், ‘எதை நாங்கள் முதலே சொல்லவில்லை?’ என்று. அவர் சொல்வதை அடுத்த விளம்பரத்தில் போடுங்கள்.