கழற்றி மாட்டும் மீன் தொட்டிப் பின்னணி: பாறைச் சுவர் தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும்

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஹாலில் சுவர் ஓரமாக 3 அடித் தொட்டி (36 × 15 × 18 அங்குலம்) வைத்திருக்கிறோம். கப்பி, மோலி, ஒரு சக்கர் மீன் இருக்கின்றன. பின்பக்கம் ஒட்டிய போஸ்டரில் வெள்ளி வெள்ளியாகத் திட்டு விழுந்துவிட்டது. தெர்மோகோலைச் செதுக்கி, சிமெண்ட் பூசி, பாறைச் சுவர் மாதிரி உள்ளே வைக்க ஆசை. ஆனால் சிலிகான் போட்டு நிரந்தரமாக ஒட்டாமல், வேண்டும்போது எடுக்கிற மாதிரி செய்ய முடியுமா? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பாறைச் சுவரும் வைக்கலாம், கழற்றியும் எடுக்கலாம். ஆனால் அதைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழற்றுவதுதான் சிக்கல். காரணம் மிதப்பு.

உங்கள் தொட்டியின் பின்கண்ணாடி அளவுக்கு, சராசரி 2 அங்குலக் கனத்தில் தெர்மோகோல் வைத்தால் அது சுமார் 20 லிட்டர் இடத்தை அடைக்கும். தெர்மோகோலின் எடையோ அரை கிலோகூட வராது. அப்படியானால் தண்ணீர் அதை ஏறக்குறைய 19 கிலோ விசையோடு மேலே தள்ளும். சிமெண்ட் கனம் சேர்க்குமே என்று கேட்பீர்கள். முன்னும் பின்னும் 3 மில்லிமீட்டர் பூசினாலும் தண்ணீருக்குள் அதன் பங்கு இரண்டரை கிலோவைத் தாண்டாது. பின்னால் 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றை ஒட்டிச் சேர்த்தால் இன்னும் மூன்று கிலோ, அவ்வளவுதான். தொட்டியின் மேல் விளிம்பில் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டைக்கு அடியில் செருகி நிறுத்துவோர் உண்டு. அந்தப் பட்டை தொட்டி பிதுங்காமல் இருப்பதற்காக வைத்தது. ராத்திரி பகலாக அதை மேல்நோக்கி நெம்பிக்கொண்டிருந்தால் சிலிகான் ஒட்டு விடும். உள்ளே தெர்மோகோல் சுவர் வைக்கிறவர்கள் எல்லாரும் சிலிகானை வாரி இறைத்து ஒட்டுவது இதனால்தான். போதாக்குறைக்கு, தொட்டித் தண்ணீரில் எட்டில் ஒரு பங்கும் போய்விடும். சக்கர் மீன் சுரண்டாமலும் இருக்காது.

எனவே என் யோசனை: பாறைச் சுவரைச் செய்யுங்கள், ஆனால் தொட்டிக்குப் பின்னால், வெளியே வையுங்கள். நாலு அங்குல ஆழத்தில் ஒரு பெட்டி. அதற்குள் உங்கள் தெர்மோகோல் பாறை, காய்ந்த வேர், நிஜக் கல், எது வேண்டுமானாலும். தண்ணீரே படாததால் சிமெண்ட் கசியுமா, பெயிண்ட் மீனைக் கொல்லுமா என்ற கவலை கிடையாது.

இதில் பார்வைக்கு ஒரு லாபமும் உண்டு. ஒளிவிலகலால் தண்ணீரின் ஆழம் குறைந்து தெரியும். உங்கள் 15 அங்குலத் தொட்டி, முன்னால் நின்று பார்க்கிறவருக்கு 11 அங்குலம் சொச்சமாகத்தான் தோன்றும். பின்னால் உள்ள பெட்டியில் இருப்பது காற்று, அதனால் அந்த 4 அங்குலம் 4 அங்குலமாகவே தெரியும். தொட்டி மூன்றில் ஒரு பங்கு ஆழமானது போல இருக்கும். உள்ளே வைத்த சுவர் இதற்கு நேர்மாறு, இருக்கிற ஆழத்தையும் தின்றுவிடும்.

ஒரே குறை, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இந்தப் பெட்டி தெரியாது. அந்தக் கோணத்தில் பின்கண்ணாடி முழு எதிரொளிப்பால் நிலைக்கண்ணாடி போல் ஆகிவிடும், மீன்தான் இரண்டு இரண்டாகத் தெரியும். ஹாலில் எல்லாரும் முன்னாலிருந்துதான் பார்க்கிறார்கள் என்றால் கவலையில்லை.

செய்முறை பெரிய வித்தையில்லை. 5 மில்லிமீட்டர் சன்போர்டில் (கத்தியால் வெட்டக்கூடிய, எடை குறைந்த பிளாஸ்டிக் நுரைப் பலகை) முதுகு, அடி, இரண்டு பக்கம். மேல்பக்கமும் கண்ணாடியை ஒட்டும் முன்பக்கமும் திறந்தே இருக்கட்டும். 36 அங்குலத்துக்கு ஒரே பெட்டியாகச் செய்யாமல் 18 அங்குலத்தில் இரண்டாகச் செய்யுங்கள். நடுவில் வரும் பக்கப் பலகைகளை விட்டுவிட்டு, அந்த இணைப்பை ஒரு பாறை மறைக்கிற மாதிரி வைத்தால் கோடு தெரியாது. இரண்டு பெட்டிகளையும் இடம், வலம் என்று பக்கவாட்டில் இழுத்து எடுக்கலாம். கழற்றுவது என்பது அவ்வளவுதான். ஹேங்கிங் ஃபில்டர் இருந்தால் அது தொங்கும் மூலையில் பெட்டியைக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பிரே பெயிண்டைத் தெர்மோகோல் மீது நேரடியாக அடிக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துக் குழி குழியாக்கிவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்ட் அல்லது சுவர் எமல்ஷன் போதும். முதலில் முழுக்கக் கருப்பு. காய்ந்ததும், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் சாம்பல் நிறத்தைத் தொட்டு, மேடான இடங்களில் மட்டும் தடவுங்கள். பள்ளங்கள் கருப்பாகவே நிற்கும்போதுதான் அது பாறையாகும். பெட்டியின் முதுகு, ஓரங்கள் எல்லாம் மேட் கருப்பு. பளபளப்பு வேண்டாம்.

வெளிச்சம் முக்கியம். தொட்டி விளக்கு பின்பெட்டி வரை சரியாக எட்டாது. பெட்டி இருட்டாக இருந்தால் பின்கண்ணாடியில் தொட்டியின் பிம்பம்தான் தெரியும். மேல் ஓரத்தில், முன்பக்கம் கண்ணைக் கூசாதபடி, ஒரு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுங்கள். தொட்டி விளக்கைவிட மங்கலாக இருக்கட்டும். அதிகமானால் பின்கண்ணாடியில் படிந்த பாசியெல்லாம் நிழலுருவமாகத் தெரியும். எப்படியும் அந்தக் கண்ணாடியை உள்பக்கம் வாரம் ஒருமுறை காந்தத் துடைப்பானால் தேய்க்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே ஐந்து அங்குலமாவது வேண்டும். நிறைந்த தொட்டியில் தண்ணீர் மட்டுமே 140 கிலோவுக்குக் குறையாது; அப்படியே தள்ளிப் பார்க்காதீர்கள், அடிக்கண்ணாடி விரிசல் விடும். அடுத்து முழுதாகக் காலி செய்யும்போதோ வீடு மாறும்போதோ நகர்த்திக்கொள்ளலாம். ஸ்டாண்ட் அந்தப் பெட்டிக்கும் இடம் தருகிறதா என்றும் பாருங்கள்.

இல்லை, உள்ளேதான் வேண்டும் என்றால் மூழ்குகிற பொருளாக எடுங்கள். 3 மில்லிமீட்டர் கருப்பு அக்ரிலிக் ஷீட் தண்ணீரைவிடச் சற்றே கனமானது, தானாக மேலே வராது. மேல் பட்டைகளைத் தாண்டி உள்ளே இறங்கும்படி இரண்டு துண்டாக வெட்டி, அடியை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பிய பொடிக்கல்லில் புதைத்து, மேலே விளிம்பில் கிளிப் போடுங்கள். ஓரங்களில், நீளவாக்கில் கீறிய ஏர் டியூபை மாட்டினால் இடைவெளி அடைபடும். இதைத் தவிர்க்காதீர்கள். கப்பிக் குஞ்சு ஷீட்டுக்குப் பின்னால் போய் மாட்டிச் செத்தால் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். சிலர் கடப்பா கல் பலகை வைக்கச் சொல்வார்கள். அது சுண்ணாம்புக்கல், தண்ணீரின் கடினத்தன்மையை மெல்லக் கூட்டக்கூடும். கப்பியும் மோலியும் அதைத் தாங்கும், பின்னாளில் டெட்ரா மாதிரி மென்னீர் மீன் வளர்க்க நினைத்தால் சரிப்படாது. ஃப்ளெக்ஸ் பேனரைத் தண்ணீருக்குள் விடவே வேண்டாம்.

பெட்டி தயாராகும் வரை பழைய போஸ்டரை வைத்தே சமாளிக்கலாம். வெள்ளித் திட்டு என்பது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே புகுந்த காற்று. போஸ்டரை உரித்து, கண்ணாடியை வெளிப்பக்கம் துடைத்துக் காயவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினை மெல்லியதாகத் தடவி, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்து ஒட்டுங்கள். திட்டு போய்விடும், நிறமும் தூக்கலாகத் தெரியும். தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் கோவை மார்கழிக் குளிரில் உறைந்து மறுபடி வெள்ளையாகும். கிளிசரின் என்றால் எடுக்கும்போது ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.