அம்மாவின் வாய் கோணியது: முகவாதமா, பக்கவாதமா?

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவி. ஆறு நாள்களுக்கு முன் காலையில் அம்மா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. வாய் இடப்பக்கம் கோணியிருந்தது, வலது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று பதறி மருத்துவமனைக்கு ஓடினோம். முகவாதம் (முக நரம்பு மட்டும் செயலிழப்பது) என்று சொல்லி அன்றே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. அம்மாவுக்கு 52 வயது, சர்க்கரை இருக்கிறது. ஸ்கேன் இல்லாமல் எப்படி உறுதியாகச் சொன்னார்கள்? அடுத்த மாதம் எனக்கு கிளினிக்கல் தேர்வு. படித்ததெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோய்விட்டது.

பதில்: நீங்கள் மருத்துவமனைக்கு ஓடியது மிகச் சரி. வாய் கோணினால், எந்த வாதம் என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாது. அது ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதமாக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். முகவாதம் என்று தெரிந்த பிறகு பதற்றம் வீண் போலத் தோன்றும். வீண் இல்லை. பெற்ற அம்மாவின் முகம் கோணும்போது பாடம் மறப்பதும் இயல்புதான், அதை நினைத்து வருந்தாதீர்கள்.

இனி ஸ்கேன் விஷயம். அம்மாவை நெற்றியைச் சுருக்கச் சொல்லியிருப்பார்கள், நினைவிருக்கிறதா? நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. வாய்ப் பகுதிக்கு முக்கியமாக எதிர்ப்பக்க மூளையிலிருந்துதான் வருகிறது. ஆகவே மூளையின் ஒரு பக்கம் அடிபட்டால் வாய் கோணும், ஆனால் நெற்றி சுருங்கும். முகத்துக்கு வரும் ஏழாம் நரம்பே அடிபட்டால் நெற்றி, கண், வாய் மூன்றும் போகும். அம்மாவின் வலது நெற்றியில் கோடு விழுந்திருக்காது, கண்ணும் மூடவில்லை. கை, கால், பேச்சு, பார்வை, நடை எல்லாம் சரியாக இருந்தால் ஸ்கேன் தேவைப்படாது.

தேர்வில் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ‘நெற்றியும் போயிருக்கிறது, எல்.எம்.என். (கீழ் இயக்க நரம்புக் கோளாறு), எனவே பெல்ஸ் பால்ஸி (முகவாதம்)’ என்று ஒரே மூச்சில் முடிப்பார்கள். நான் தேர்வாளராக இருந்தால் அங்கேதான் நிறுத்துவேன். எல்.எம்.என். என்பது இடத்தைத்தான் சொல்கிறது, நோயைச் சொல்லவில்லை. அந்த இடமும் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸிலிருந்து கன்னம் வரை நீளமானது. ஏழாம் நரம்பு பான்ஸுக்குள் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பின் கருவைச் (அது தொடங்கும் இடத்தை) சுற்றி வளைந்துதான் வெளியே வருகிறது. அங்கே ரத்தக்குழாய் அடைத்தால் நெற்றியும் சேர்ந்து போகும். பார்ப்பதற்கு முகவாதம் போலவே இருக்கும், உண்மையில் அது பக்கவாதம். அதனால் கண்ணை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள், இரட்டையாகத் தெரிகிறதா என்று கேளுங்கள், எதிர்ப்பக்கக் கை காலின் பலத்தைப் பாருங்கள். இந்தப் பக்கவாதத்துக்கு உள்ள மில்லார்ட்-குப்ளர் என்ற பெயரை மனப்பாடம் செய்வதைவிட இந்த வளைவை ஒரு தாளில் வரைந்து பார்ப்பது மேல்.

அடுத்து காது. முதுநிலை படித்த காலத்தில் ஒரு பெரியவரை முகவாதம் என்று எழுதிவிட்டேன். என் ஆசிரியர் வந்து அவருடைய காது மடலை மெல்லத் திருப்பிக் காட்டினார். உள்ளே சின்னச் சின்னக் கொப்புளங்கள். 1907-இல் ராம்சே ஹன்ட் விவரித்த, அக்கி வைரஸால் வரும் வாதம் அது. அதற்கு ஸ்டீராய்டோடு வைரஸ் மருந்தும் வேண்டும், குணமாகும் வாய்ப்பும் குறைவு. அன்றிலிருந்து காதைப் பார்க்காமல் நான் முகவாதம் என்று எழுதுவதில்லை. சீழ் வடிகிறதா, காதுக்குக் கீழே பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நம் ஊரில் இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கண் மட்டும் மூடவில்லை என்றால், தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று தேடுங்கள். தொழுநோயும் இந்த நரம்பின் கிளையைத் தாக்கும்.

அப்புறம், எந்தப் பக்கம் என்பதில் தடுமாற வேண்டாம். வாய் இழுத்துக்கொள்வது நல்ல பக்கத்துக்கு. அம்மாவுக்கு வாய் இடப்பக்கம் போனது, நோய் வலப்பக்கம். கண்ணை மூட முயலும்போது விழி மேலே உருளுமே, சார்லஸ் பெல் கவனித்த அசைவு, அதையும் சொல்லுங்கள். அந்தக் காதில் சத்தம் அதிகமாகக் கேட்டால் காதுக்குள் சத்தத்தை அடக்கும் ஸ்டேபிடியஸ் தசைக்கான கிளை போயிருக்கிறது. நாக்கின் முன்பகுதியில் ருசி தெரியாவிட்டால், ருசியைக் கொண்டுபோகும் கோர்டா டிம்பனி என்ற கிளை போயிருக்கிறது.

அம்மாவுக்குக் கொடுத்த மருந்து சரியானதே, நேரமும் சரி. இந்த நரம்பு காதெலும்புக்குள் குறுகிய குழாய் வழியே போகிறது. வீங்கினால் விரிய இடமில்லை. அதனால்தான் ஸ்டீராய்டை 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறோம். ஸ்காட்லாந்தில் 551 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசலோன் எடுத்தவர்களில் 94 சதவீதத்தினர் ஒன்பது மாதத்தில் முழுதாகக் குணமானார்கள். எடுக்காதவர்களில் 82 சதவீதம். அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து தனியாகப் பலன் தரவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ரத்தச் சர்க்கரை அளவை எகிற வைக்கும், எனவே தினமும் பரிசோதியுங்கள். அளவு கூடினால் உங்கள் மருத்துவரிடம் சொல்லி சர்க்கரை மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். பயந்துபோய் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கரண்ட் வைக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் வற்புறுத்துவார்கள். அதன் பலன் தெளிவாக நிரூபிக்கப்படவில்லை, அவசரமே இல்லை. பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கும். மூன்று, நான்கு மாதமாகியும் கொஞ்சம்கூட அசைவு வராவிட்டால், அல்லது வாதம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், அப்போது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தேர்விலும் இதைச் சொல்லுங்கள்.

இப்போது என் கவலையெல்லாம் அந்த வலது கண்ணைப் பற்றித்தான். உங்கள் கடிதத்தில் கண் சொட்டு மருந்து பற்றி ஒரு வரிகூட இல்லை. மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வந்தால், வாய் நேரான பிறகும் பார்வை மங்கியே இருக்கும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, வெளியே போகும்போது கண்ணாடி, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப். டேப்பை எப்படி ஒட்டுவது என்று மருத்துவமனையில் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள், இமை சரியாக மூடாவிட்டால் டேப்பே கருவிழியை உரசிவிடும். கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்து இதுவரை வாங்கவில்லை என்றால், படிப்பை ஒரு மணி நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு இன்றே போய்க் கேட்டு வாங்கி வாருங்கள்.